வைத்தியருக்குத் தந்த காசு

காவிரியின் தென்கரையில் திருச்சி மலைக்கோட்டையின்மேல் எழுந்தருளியிருக்கும் சிவபெருமான், பேறுகாலத்தில் துணையின்றித் தவித்த இரத்தினாவதி என்னும் பெண்ணுக்கு, ஆற்று வெள்ளம் வடிந்து அவளைப் பெற்றவள் வந்து சேரும்வரையில், அத்தாயின் வடிவத்திலேயே உடனிருந்து பிரசவம் பார்த்தான் என்பது தலபுராணம். தாயுமானவன் என்ற திருநாமத்துக்கு இதுவே காரணம் என்பர். சுகப்பிரசவம் வேண்டிக்கொண்ட குடும்பத்தார் வாழைத்தார் கொண்டுவந்து செலுத்தும் வழக்கம் இன்றளவும் குறையவில்லை. ஆற்றுக்கு நடுவே ஸ்ரீரங்கத்திலோ பெருமாளே ஒரு சமயம் நோயாளியாக இருந்தார். நாவற்பழமும் தயிரன்னமும் அமுது செய்ததால் அவருடைய திருமேனி வாடியிருந்ததை இராமாநுஜர் சேவிக்கையில் கண்டுகொண்டு, தக்க கஷாயம் சமர்ப்பிக்கச் செய்தார் என்று அவ்வூர்ப் பெரியோர் சொல்லக் கேட்கலாம். இவ்விரண்டு கதைகளையும் நான் இங்கே எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இரண்டிலும் வைத்தியத்துக்கு முன் காசுப் பேச்சே எழவில்லை. வாழைத்தார் பிள்ளை பிறந்த பிறகு வருவது. அது வராவிட்டாலும் பிரசவம் நின்றிராது. நோயுற்றவன் வைத்தியனுக்கு எதை, எப்பொழுது, யார் கையில் கொடுப்பது என்ற கேள்விக்கு இவ்வூர்கள் எழுநூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ட விடைகளையே இக்கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

ஸ்ரீரங்கம் கோயிலில் சக ஆண்டு 1415-ஐ, அதாவது கி.பி. 1493-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று இருக்கிறது. கருடவாகன பட்டர் என்னும் பட்டம் பூண்ட சீனிவாசர், பாழ்பட்டுக் கிடந்த ஆரோக்கியசாலையைப் புதுப்பித்து, அதில் தன்வந்திரி எம்பெருமானை எழுந்தருளுவித்த செய்தியை அது கூறுகிறது. அந்த ஆரோக்கியசாலை முதன்முதலில் ஏற்பட்டது, சமயபுரத்தை அடுத்த கண்ணனூரில் வீற்றிருந்து ஆண்ட ஹொய்சள மன்னன் வீர ராமநாதனுடைய காலத்தில், பதின்மூன்றாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். இடையில் நேர்ந்த படையெடுப்புக்களில் கோயிலே நிலைகுலைந்திருந்தபோது மருந்துச்சாலை மட்டும் எவ்வாறு தப்பியிருக்கும்? ஆயினும் இருநூறு ஆண்டுக்கு மேல் கழிந்தபின் ஒருவர் முன்வந்து, தம் முன்னோர் பெயரையே தாங்கி, அதே தர்மத்தை மீண்டும் தொடங்கினார் என்பதை நினைக்குந்தோறும் அக்குடும்பத்தாரிடத்து எனக்குப் பெருமதிப்பு உண்டாகிறது. தன்வந்திரி சந்நிதி இன்றும் திருக்கோயிலுக்குள் இருக்கிறது. பெரிய சந்நிதிகளுக்கு விரைந்து போகிறவர்கள் அதைக் கவனியாமல் கடந்துவிடுவதும் உண்டு.

இத்தகைய சாலைகளில் வைத்தியருடைய ஜீவனம் எவ்வாறு நடந்தது என்பதைச் செங்கற்பட்டுச் சீமையிலுள்ள திருமுக்கூடற் கல்வெட்டு விளக்கமாகவே சொல்லுகிறது. வீரராஜேந்திர சோழனுடைய காலத்தது அது. பதினைந்து கட்டில்கள் கொண்ட வீரசோழன் என்னும் ஆதுலசாலை. அதற்கு வைத்தியர் கோதண்டராம அசுவத்தாம பட்டர். அவருக்கு ஆண்டொன்றுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். சல்லியக்கிரியை செய்பவருக்கும், மருந்து பறித்து வந்து அடுப்பெரித்துக் காய்ச்சுவோருக்கும், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்யும் பெண்களுக்கும் தனித்தனியே படி. ஆண்டு முழுவதற்கும் இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள்கூடக் கல்லில் வெட்டப்பட்டிருக்கின்றன. நோயாளி என்ன கொடுப்பான் என்பதற்கு மட்டும் அங்கே இடமில்லை. நிலத்து விளைச்சல் களத்துமேட்டிலேயே பிரிக்கப்பட்டு, வைத்தியர் வீட்டுக் குதிருக்கு நேரே போய்ச் சேர்ந்தது. கட்டிலின் அருகே நிற்கும்போது அவர் நாடியைத் தவிர வேறொன்றையும் எண்ணவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

ஆனால் இதைப் படித்துவிட்டு அக்காலத்தில் குடிமக்கள் அனைவருக்கும் இலவச வைத்தியம் கிடைத்தது என்று மகிழ்ந்துவிடுவது சரித்திரத்துக்கு நியாயம் ஆகாது. திருமுக்கூடற் சாலை, கோயிற் பணியாளருக்கும் அங்கிருந்த பாடசாலை மாணாக்கருக்கும் என்று ஏற்பட்டது. ஒரு ஸ்தாபனத்தைச் சார்ந்தோர் இன்னின்னார் என்ற கணக்கு முன்னரே இருந்தது. அக்கணக்குக்குள் வந்தவர்களுக்கே கட்டில். இன்று தொழிற்சாலை ஊழியருக்கு ஏற்பட்டுள்ள காப்பீட்டுக்கு அதை ஒருவகையில் முன்னோடியாகக் கருதலாம்.

கணக்குக்குப் புறம்பானவர்களுக்கு ஊரில் பரம்பரை வைத்தியரும், நாவிதர் குடும்பத்து மருத்துவச்சியும் இருந்தார்கள். சில ஊர்களில் அவர்களுக்கென்று மருத்துவக்காணி விடப்பட்டிருந்தது. மற்ற இடங்களில் அறுவடைக் காலத்தில் களத்து நெல்லில் ஒரு பங்கும், பிள்ளை பிறந்தால் புடவையும் வெற்றிலைபாக்கும் நாலணாவும் வரும். வைத்தியர் வாய்விட்டுக் கேட்கும் வழக்கம் இல்லை. தட்டில் தாம்பூலத்தின் அடியில் வைத்ததை அவர் எண்ணிப் பார்ப்பதும் இல்லை. இதைப் பெருந்தன்மை என்று நாம் புகழ்கிறோம், புகழத்தக்கதே. ஆனாலும் அந்த மருத்துவச்சியின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் லாந்தரோடு வந்து அழைத்தால் மறுக்காமல் எழுந்து போனவள் அவள்; அவள் கையில் பிறந்த பிள்ளையையே பிற்பாடு அவள் தொடலாகாது என்று விலக்கி வைத்த வீடுகளும் அதே தெருக்களில் இருந்தன. கேட்காமல் வாங்கிக்கொள்வது வைத்தியருக்குக் கௌரவமாக இருந்தது. அவளுக்கோ கேட்கும் உரிமையே இல்லாதிருந்தது.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1866-ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் நகரசபை ஏற்பட்டபின், மருந்துச்சாலையும் அம்மை குத்துதலும் நகர வரியிலிருந்து நடைபெறலாயின. சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஏழைக்குக் கட்டணம் இல்லை. ஆனால் அதன் தலைமை ஸர்ஜனுக்குச் சம்பளத்தோடு தனிப்பட்ட வைத்தியம் பார்க்கவும் அனுமதி இருந்தது. மிராசுதார்களும் வக்கீல்களும் அவரைத் தங்கள் பங்களாவுக்கு வண்டியனுப்பி வரவழைத்தார்கள். பின்னர், சம்பளமின்றிக் கௌரவ வைத்தியர்களாக ஆஸ்பத்திரியில் சேவை செய்யும் முறையும் வந்தது. காலையில் வார்டில் காசில்லாமல் பார்த்த கையே மாலையில் தம் சொந்த ‘கிளினிக்’கில் காசு வாங்கியது. ஒருவரே இரு நிலைகளில் இருக்கும்போது, எந்த நோயாளியை எந்த வாசலில் பார்ப்பது என்ற முடிவு அவருடைய மனச்சாட்சியைப் பொறுத்ததாகிவிட்டது. சர்க்கார் வைத்தியர்கள் வேலைநேரத்துக்கு வெளியே தனியாகத் தொழில் செய்யலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் இன்றும் இருக்கிறது; ஆகவே இது பழங்கதை ஆகிவிடவில்லை.

எல்.எம்.பி. என்னும் பழைய வைத்தியப் படிப்பு முடித்த டாக்டர்களின் காலத்தை அறிந்தவர்களுக்கு அந்த மருந்துப் புட்டி மறந்திராது. வீட்டிலிருந்தே கழுவிய புட்டியைக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, முதுகில் விரலால் தட்டிப் பார்த்து, ஒரு துண்டுச் சீட்டில் இரண்டு வரி எழுதிப் பலகைத் தடுப்பின் சந்து வழியாக உள்ளே கொடுப்பார். உள்ளே கம்பவுண்டர், பெரிய கண்ணாடி ஜாடிகளிலிருந்து சிவப்பு நீரையும் கசப்பு நீரையும் அளந்து ஊற்றிக் குலுக்கி, வெள்ளைக் காகிதத்தை நீளமாக நறுக்கி, அதன் ஓரத்தைக் கத்தரியால் வேளைக்கு ஒரு வெட்டாகப் பல் பல்லாக வெட்டி, பசை தடவிப் புட்டியின் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பார். ஒரு வேளைக்கு ஒரு பல் அளவு. காசைக் கம்பவுண்டரே வாங்கிக்கொள்வார். அது மிக்ஸ்சருக்கு உரிய சில அணாக்கள். டாக்டர் பார்த்ததற்கு என்று தனியே ஒன்றும் கிடையாது. அதெல்லாம் அந்த மிக்ஸ்சருக்குள்ளேயே கரைந்திருந்தது. பலகைத் தடுப்புக்கு அப்பால் காசு கைமாறியதால் டாக்டரும் நோயாளியும் நேருக்கு நேர் பேரம் பேசும் சங்கடம் நேரவில்லை. இல்லாதவனைக் கண்டால் டாக்டர் அந்தச் சீட்டின் மூலையில் ஒரு கோடு கிழித்து அனுப்புவதும் உண்டு. கம்பவுண்டர் அக்குறிப்பை உணர்ந்து காசு கேட்கமாட்டார். பின்னால் காத்திருப்போருக்கும் அது தெரியாது. ஒருவன் ஏழ்மை ஊருக்கு அம்பலமாகாமல் அவனுக்கு மருந்து கிடைக்க வேண்டும் என்ற அந்த நாகரிகத்தை நான் மிகவும் உயர்ந்ததாக மதிக்கிறேன். அதே சமயம், ஒரு டாக்டர் கோடு கிழித்தார் என்றால் அடுத்த தெருவிலிருந்தவர் கிழிக்காமலும் இருந்தார். நோயாளி எந்தத் தெருவில் குடியிருந்தான் என்பது அவனுடைய அதிர்ஷ்டம்.

இந்த அதிர்ஷ்டத்தை ஒரு விதிக்குள் கொண்டுவரும் முயற்சி ஒன்று 1924-இல் சென்னை மாகாணத்தில் தோன்றியது. பனகல் அரசர் தலைமையில் இருந்த மந்திரி சபை, கிராமங்களில் போய்த் தங்கும் தனியார் வைத்தியர்களுக்கு ஆண்டுதோறும் மானியமும் மருந்தும் அளிக்கும் திட்டத்தை வகுத்தது. நிபந்தனை இதுதான்: ஏழை எளியவர்களுக்கு வைத்தியர் இலவசமாகப் பார்க்க வேண்டும், வசதியுடையோரிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். சர்க்கார் முழுச் சம்பளம் கொடுத்து ஆளை நியமிக்கவும் இல்லை. வைத்தியரை முற்றிலும் சந்தைக்கு விட்டுவிடவும் இல்லை. எண்ணம் நல்லது, படித்த வைத்தியர்களைப் பட்டணத்திலிருந்து கிராமத்துக்கு நகர்த்திய அளவில் பயனும் விளைந்தது. ஆனால் எதிரே வந்து உட்காருகிறவன் எளியவனா, வசதியுடையவனா என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் போயிற்று? கட்டணத்தால் பயன்பெறப்போகும் அதே வைத்தியரிடம். ஒரு காணி நிலம் இருந்து மூன்று வருஷமாக மழை பொய்த்தவன் எந்த வகை? வேட்டி வெளுப்பாக இருப்பதால் மட்டும் ஒருவன் தனவந்தன் ஆகிவிடுவானா? அந்த வைத்தியர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. மானியம் சொற்பம், குடும்பம் நடக்க வேண்டும், கட்டணம் வாங்கினால்தான் அடுத்த மாதமும் அவர் அந்தக் கிராமத்தில் இருப்பார். தாராளமாக இருந்தால் தாம் நஷ்டப்படவும் கண்டிப்பாக இருந்தால் ஏழை நஷ்டப்படவும் ஒரு மனிதரை நிறுத்தி வைத்தது அந்த ஏற்பாட்டின் குறை.

இதையடுத்துச் சில ஆண்டுகளில் திருச்சியில் வேறொரு பாதையும் திறந்தது. தென்னிந்திய ரெயில்வேயின் பெருந்தொழிற்சாலை 1920-களின் இறுதியில் நாகப்பட்டினத்திலிருந்து பொன்மலைக்கு வந்தது, காலனியும் வந்தது, ரெயில்வே ஆஸ்பத்திரியும் வந்தது. தொழிலாளி அட்டையைக் காட்டினால் போதும். ஓய்வு பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் ஏற்பட்ட திட்டத்திலும், வேலையை விட்டுச் செல்லும்போது ஏறத்தாழ ஒரு மாத அடிப்படைச் சம்பளத்தை ஒரே முறை செலுத்திவிட்டால், அதன்பின் வாழ்நாள் முழுவதும் வைத்தியம். உடம்பு நன்றாக இருக்கும்போதே கொடுத்துவிடுவது. உடம்பு கெட்டபின் கேட்காமலிருப்பது. சுதந்தரம் வந்தபின் 1948-இல் நிறைவேறிய தொழிலாளர் காப்பீட்டுச் சட்டமும் இதே கருத்தில் எழுந்ததுதான். அச்சட்டத்தின்படி 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய இ.எஸ்.ஐ. திட்டம், 1955-இல் கோயம்புத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் வந்து, திருச்சிக்கும் பரவியது. சம்பளத்தில் ஒரு சிறு பங்கு தொழிலாளியுடையது. அதைவிடப் பெரிய பங்கு முதலாளியுடையது. மிகக் குறைந்த தினக்கூலி வாங்குவோர் தம் பங்கைச் செலுத்த வேண்டியதே இல்லை. 2019-இலிருந்து தொழிலாளிக்கு நூற்றுக்கு 0.75, முதலாளிக்கு 3.25 என்று விகிதம் குறைக்கப்பட்டிருக்கிறது. டிஸ்பென்சரியில் கூட்டம் அதிகம், மருந்து இல்லை என்று மனக்குறை கூறுவோர் இருக்கலாம். டாக்டர் காசு கேட்டார் என்று கூற அங்கே இடமில்லை.

ஆனால் பொன்மலையில் ரெயில்வே அட்டையும், திருவெறும்பூர்ப் பக்கம் 1965-இல் தொடங்கிய பாய்லர் ஆலையில் பெல் ஆஸ்பத்திரியும் இருந்த அதே ஊரில், உறையூர்த் தறிக்காரருக்கும், சுருட்டுச் சுற்றுவோருக்கும், வீட்டுத் திண்ணையில் செயற்கை வைரக்கல்லுக்குப் பட்டை தீட்டுவோருக்கும், காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்குவோருக்கும் எந்த அட்டையும் இருக்கவில்லை. 1946-இல், நாட்டின் வைத்திய வசதிகளை ஆராய்ந்த போர் (Bhore) குழுவினர் தம் அறிக்கையில், பணம் கொடுக்க இயலாத காரணத்தால் எவரும் தக்க வைத்தியத்தை இழக்கலாகாது என்று எழுதினார்கள். சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்த ஆ. இலட்சுமணசாமி முதலியாரும் அக்குழுவில் ஓர் அங்கத்தினர். அந்த வாசகம் முதலில் பொருந்துவது இத்தகைய அட்டையற்றவர்களுக்கே.

பிற தேசங்களும் இந்தக் கட்டணக் கேள்வியில் இடறியிருக்கின்றன. பிரிட்டனில் 1948-இல் எல்லோருக்கும் இலவச வைத்தியத்தை நிலைநாட்டிய அனூரின் பெவன், மூன்றே ஆண்டுகளில் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதிக்க அரசு முனைந்தபோது, மந்திரி பதவியைத் துறந்தார். சமூகக் காப்பீட்டு முறைக்கே பிறப்பிடமாகிய ஜெர்மனியில், 2004-ஆம் ஆண்டு முதல், காலாண்டுக்கு ஒரு தடவை 10 யூரோ நோயாளி செலுத்த வேண்டும் என்று விதித்தார்கள். தொகை சேர வேண்டியது காப்பீட்டு நிதிக்கு. வசூலிக்க வேண்டியவர் டாக்டர். கொடுக்காதவர்களுக்கு நினைவூட்டுக் கடிதம் எழுதுவதும், ரசீது கொடுப்பதும், யாருக்கு விலக்கு என்று பார்ப்பதும் வைத்தியசாலையின் வேலையாயிற்று. தேவையற்ற வருகைகள் குறையும் என்று எதிர்பார்த்தது நிலையாகப் பலிக்கவில்லை. டாக்டர்களும் சலித்தார்கள், மக்களும் சலித்தார்கள். பாராளுமன்றத்தில் ஒருவர்கூட எதிர்க்காமல் 2013 தொடக்கத்தோடு அதை நீக்கிவிட்டார்கள். செல்வமிக்க நாட்டிலேயே டாக்டரை வசூல்காரராக்கும் ஏற்பாடு பத்தாண்டு தாங்கவில்லை என்பது நம்மவர் சிந்திக்கத்தக்கது.

நம் மாநிலத்தில் அட்டையற்றவருக்கு அட்டை வந்தது 2009 ஜூலையில். உயிர்காக்கும் உயர்சிகிச்சைக்கான கலைஞர் காப்பீட்டுத் திட்டத்தில், குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை. பிரீமியத்தை அரசே செலுத்தியது. ஆட்சி மாறியபின் 2012 ஜனவரியில் அது முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக உருமாறி, தொகையும் ஆண்டுக்கு ஒரு லட்சமாயிற்று. 2018-இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு இணைந்தபின் ஐந்து லட்சமாக உயர்ந்தது. இரண்டு கட்சிகள் பெயரை மாற்றிக்கொண்டாலும் காரியத்தைக் கைவிடாமல் நடத்தி வந்தது தமிழ்நாட்டுக்கு நேர்ந்த நன்மை. ஆஸ்பத்திரி நோயாளியிடம் பணம் பெறக்கூடாது; ஒவ்வொரு சிகிச்சைக்கும் ‘பேக்கேஜ்’ என்று ஒரு தொகை முன்னரே குறித்திருக்கிறது; அதைக் காப்பீட்டார் நேரே ஆஸ்பத்திரிக்குச் செலுத்துவர். சர்க்கார் ஆஸ்பத்திரிகளுக்கும் இந்தத் தொகை வருகிறது. காசு கட்டிலை விட்டு விலகிப் போக வேண்டும் என்ற பழைய நீதியைப் புதிய கணக்கில் எழுதியதாகவே நான் இதைக் கருதுகிறேன்.

ஆயினும் புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலிருந்து தில்லைநகர்க் குறுக்குத் தெருக்கள் வரையில், எந்த ஆஸ்பத்திரியில் காப்பீட்டுப் பிரிவு இருந்தாலும், அதன் முன்னே அரைநாள் உட்கார்ந்திருப்பவனுக்கு நீதியின் மறுபக்கமும் தெரியும். முசிறியிலிருந்தோ மணப்பாறையிலிருந்தோ வந்த ஒரு பெண், புருஷனைச் சக்கர நாற்காலியில் வைத்துவிட்டு, பிளாஸ்டிக் பையிலிருந்து ரேஷன் கார்டையும் ஆதாரையும் கிராம நிர்வாக அலுவலர் வழியாக வாங்கிய வருமானச் சான்றையும் ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறாள். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் கலெக்டர் ஆபீசுக்குப் போய்ப் பதிந்து வரவேண்டும். பிறகு ‘அப்ரூவல்’ வரும்வரை காத்திருத்தல். வந்ததும் சில தனியார் இடங்களில், “பேக்கேஜ் இவ்வளவுதான் குடுக்கிறாங்கம்மா, மேற்கொண்டு ஆகிறதை நீங்கதான் பாத்துக்கணும்” என்று கணக்கர் மெல்லிய குரலில் சொல்லுகிறார். ஸ்டென்டுக்கு வித்தியாசம், பரிசோதனைக்குத் தனி, அறைக்குத் தனி. திட்டத்தின் விதிக்கு இது விரோதம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தாலும், ஆப்பரேஷன் மேஜைக்குப் போகப்போகும் புருஷனைப் பணயமாக வைத்துக்கொண்டு அவள் யாரோடு வாதாடுவாள்? டாக்டர் இந்த உரையாடலில் இல்லை. பலகைத் தடுப்புக்கு அப்பால் கம்பவுண்டர் காசு வாங்கிய நாளில் அந்தத் தடுப்பு ஏழையின் மானத்தைக் காத்தது. இந்த நாளிலோ அது டாக்டரின் செவியை மறைக்கிறது. பேக்கேஜ் தொகை உண்மைச் செலவுக்குப் போதவில்லை என்று ஆஸ்பத்திரிகள் கூறுவதிலும் நியாயம் இருக்கிறது. தொகையைக் காலத்துக்கேற்பத் திருத்தாமல், குறைவதை நோயாளியிடம் கேட்காதே என்று மட்டும் சொல்வது அரசுக்கும் அழகன்று.

இன்னொரு பெரிய இடைவெளி, அன்றாட வைத்தியம். ஆஸ்பத்திரியில் படுக்கும்வரையில் இந்தக் காப்பீடு பெரும்பாலும் பேசுவதில்லை. சர்க்கரை வியாதிக்கும் இரத்தக்கொதிப்புக்கும் மாதந்தோறும் மாத்திரை வாங்குகிறவனைத் தாங்கி நிற்பது, 1990-களின் நடுவில் மருத்துவப் பணிகள் கழகம் ஏற்பட்ட பிறகு அரசு மருந்தகங்களில் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கிய இலவச மருந்தும், 2021-இல் வீடு தேடிவந்து கொடுக்க ஏற்பட்ட மக்களைத் தேடி மருத்துவமுமே. அம்மா மண்டபம் சாலையிலோ பாலக்கரைச் சந்திலோ தனியார் டாக்டரிடம் போனால் கட்டணம் முழுவதும் கையிலிருந்துதான். அங்கே இன்றும் சீட்டின் மூலையில் கோடு கிழிக்கும் டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் நன்றியோடு சொல்லிக்கொள்வேன்.

ஆகவே இப்பொழுது உடனே செய்யக்கூடியது ஒன்று உண்டு. காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்த ஒவ்வோர் ஆஸ்பத்திரியிலும், நோயாளியைச் சேர்க்கும்போதே, அவருடைய சிகிச்சைக்கு அரசு கொடுக்கும் தொகை இவ்வளவு, அவர் கொடுக்க வேண்டியது ஒன்றும் இல்லை என்று தமிழில் அச்சிட்ட தாளில், சிகிச்சை செய்யப்போகும் டாக்டரே கையெழுத்திட்டு நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும். கணக்கரின் கையெழுத்து போதாது. அத்தாள் இருந்தால், முசிறியிலிருந்து வந்தவள் வித்தியாசத் தொகை கேட்கும் மேஜையில் அதை எடுத்து வைப்பாள். கேட்பவர் அதற்குமேல் டாக்டரிடந்தான் போய்ப் பேசவேண்டியிருக்கும்.